தூக்கிய விரல்

பாவாயிக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் காலை வைத்ததுமே எங்கே உட்காருவது என்று தெரிந்துவிட்டது. சுவரோரம் கிடந்த பெஞ்சின் கடைசி மூலை. அங்கே இருந்தால் வருகிற வாய், போகிற வாய், கதவைத் திறந்து பேர் கூப்பிடுகிற வாய் எல்லாம் கண்ணில் விழும், முதுகுக்குப் பின்னால் ஒரு வாயும் நிற்க முடியாது. கல்யாண வீடானாலும் பஸ்ஸானாலும் கோயிலானாலும் சுவரோரமாகப் பார்த்து உட்காருவதுதான் அவள் பழக்கம், "எங்கக்காளுக்குச் சாஞ்சுக்க எடம் வேணும்" என்று அங்கன்வாடி வளர்மதி டீச்சர்கூடக் கேலி பேசுவாள், சாஞ்சுக்க எங்கே தாயி, யாராவது பின்னாலிருந்து பாவாயின்னு கூப்பிட்டு நான் திரும்பாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயந்துக்கிட்டுத்தான். ஆனால் இங்கே அந்த மூலைக்கு நேர் மேலே, சுவரில் ஒரு காதை வரைந்து வைத்திருந்தார்கள், முறம் அளவுக்கு, சிவப்புச் சாயத்தில். அந்தக் காதுக்குக் கீழே உட்கார்ந்தவளைப் பார்த்தால் எதற்கு வந்திருக்கிறாள் என்று யாரும் கேட்கவே வேண்டாம். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். போட்டதும் துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருக்கும் என்று எடுத்துவிட்டாள். மடியில் துணிப்பை, அதற்குள் ரேசன் கார்டும் ஆதாரும் வருமானச் சான்றும். அந்த வருமானச் சான்றுக்கே ஒரு பொய் சொல்லியாயிற்று. எதுக்கும்மா என்று கிராம அதிகாரி கேட்டபோது, "மவ படிப்புக்குங்க" என்றாள். மகள் படித்து முடித்துக் கல்யாணமாகி மேட்டூரில் இருக்கிறாள். படிப்புக்கு என்றால் தலை நிமிர்ந்து வாங்கலாம், காதுக்கு என்று எப்படி வாயைத் திறப்பது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டவளை யாரும் குருடி என்று சொல்வதில்லை, படிச்சவ மாதிரி இருக்கா என்கிறார்கள். பல்லுப் போனவளைப் பாட்டி என்பார்கள், அதோடு சரி. காது போனவளை மட்டும் டமாரம் என்கிறார்கள், அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள், அவளுக்குத்தான் கேக்காதே.

பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். வெள்ளை மீசை, தோளில் பச்சைத் துண்டு, கையில் காலியான காது மிசின் பெட்டி. "என்ன அம்மிணி, ஆருக்குப் பாக்க வந்தே?" என்றார். அவர் குரல் பெரிய குரல் என்பது எதிர்ப்பெஞ்சில் தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை திடுக்கிட்டு முழித்துக்கொண்டதைப் பார்த்துத்தான் பாவாயிக்குத் தெரிந்தது. "எங்க வீட்டுக்காரருக்குங்க" என்றாள். அது அவள் வழியிலேயே கட்டிவைத்துக்கொண்டு வந்த பொய். "ஆ?" என்றார் அவர். "வீட்டுக்காரருக்குங்க." "சத்தமாச் சொல்லு அம்மிணி, நான் தண்ணிக்குப் போர் போடற போர்வண்டியில பாதி ஆயுசு கெடந்தவன். கம்ப்ரசர் பக்கத்துலயே சோறு, அங்கேயே தூக்கம். திருச்செங்கோட்டுல ஏறுனா வடக்கே எந்த ஊருன்னே தெரியாது, ஓட்டை போட்டுக்கிட்டே போவோம். ஊருக்கெல்லாம் தண்ணி வந்துச்சு, எனக்குக் காது போயிருச்சு." வேறு வழியில்லாமல் பாவாயி கத்தினாள், "எங்க வீட்டுக்காரருக்கு!" பொய்யைக் கத்திச் சொல்லும்படி ஆயிற்றே என்று காது மடலெல்லாம் சுட்டது, கேட்காவிட்டாலும் சுடமட்டும் தெரிகிறது அதற்கு. "அவுரு எங்கே?" "டீ குடிக்கப் போயிருக்காருங்க!" "செவிடனைத் தனியா உடாதே அம்மிணி, லாரி வர்றது தெரியாது. எம்பட மவன் என்னைத் தனியா உடவே மாட்டான், இப்ப அவனும் டீக்குத்தான் போயிருக்கான். ரெண்டு பேரும் ஒரே கடையில நிப்பாங்க, போ." தன் பேர் அர்த்தநாரி என்றும், இது தனக்கு ரெண்டாவது மிசின் என்றும் அவரே சொன்னார். "மொதல் மிசினு கவர்மெண்டு சும்மாத்தான் குடுத்துச்சு. கட்டில்ல கழட்டி வெச்சேன், நாய் தூக்கிட்டுப் போயிருச்சு. இப்ப எங்க தெருச் சங்கதியெல்லாம் அந்த நாய்க்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பாவாயியும் சிரித்தாள். இந்த மனுசனுக்கு வெக்கமே இல்லையே என்று நினைத்தாள். நினைத்தது பொறாமை என்று அவளுக்கே தெரிந்தது.

போர்வண்டிக்காரருக்கு என்ன, அவருக்கு ஊருக்கே தண்ணி கொடுத்த காது. தறிச்சத்தத்தில் போன காதுக்கு அந்த மாதிரி ஒரு பேச்சு இல்லை. பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறையில் அவள் காலை வைத்தபோது தாவணி போட்ட வயசு. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் முடிந்து நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுத்தப் போனவளைப் பிறகு தறிக்கே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நுழைந்தால் சத்தம் சத்தமாக இருக்காது, தண்ணிக்குள் முங்கின மாதிரி இருக்கும். அதற்குள் பேசுவதற்குப் பட்டறைக்காரர்களுக்குத் தனிப் பாசை. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டினால் பாவு நூல் அறுந்துவிட்டது, கட்டைவிரலை உதட்டில் வைத்தால் தண்ணி, நெத்தியில் கையை மடக்கினால் முதலாளி வாறார். மீதியெல்லாம் உதடு. பத்துத் தறி தாண்டி நிற்கிறவள் உதட்டை அசைத்தால் இங்கே நிற்கிறவள் சிரிப்பாள். அங்கேதான் செங்கோடனும் தறி ஓட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வராமலே, தறிக்கு மேலாக, உதட்டாலேயே கட்டிக்கிறயான்னு கேட்ட மனுசன். அவளும் உதட்டாலேயே அப்பனைக் கேளுங்கன்னு சொன்னாள். கல்யாணம் ஆன பிறகும் வீட்டில் அதே பாசைதான், சண்டையும் அதிலேதான். கோபம் வந்தால் அவர் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டுவார், அறுத்துக்கலாம் போன்னு அர்த்தம், இவள் கட்டைவிரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள், தண்ணியக் குடிச்சுட்டு அடங்கு. அதனாலேயே அவள் காது போனது கட்டின புருசனுக்கே தெரியாமல் போயிற்று. அவளுக்குத் தெரிந்ததே ஒரு மின்வெட்டில்தான். கரண்ட் போனால் பட்டறையில் எல்லாத் தறியும் ஒரு மூச்சில் நிற்கும், அந்த நொடியில் அத்தனை பேரும் சொந்தக் குரலில் பேச ஆரம்பிப்பார்கள், கூத்தாக இருக்கும். ஒரு நாள் கரண்ட் போனது, தறி நின்றது, குறுக்கு நூலோடு ஓடுகிற நாடா பாதியில் நின்றது. எல்லாரும் வாயைத் திறந்து பேசினார்கள். அவளுக்குள் மட்டும் கரண்ட் போகவில்லை. ஙொய்யென்று ஒரு இரைச்சல், வண்டு மாதிரி, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. எல்லாரும் சிரித்தபோது அவளும் சிரித்தாள். அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு, இன்னும் நிறுத்த முடியவில்லை. செவிடுகள் கத்திப் பேசும் என்று தெரிந்ததால் தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைத்துப் பேசப் பழகிக்கொண்டாள். அதிர்ந்தால் சத்தம் ஜாஸ்தி, அதிராவிட்டால் சரி. பார்க்கிறவர்களுக்குத் தாலிக்கயிற்றைச் சரி பண்ணுகிற மாதிரி இருக்கும். நெம்ப அடக்கமான பொம்பளை என்று பேர் வாங்கினாள்.

அந்தப் பேரோடுதான் அங்கன்வாடியில் உதவியாள் வேலைக்கும் போனாள். பிள்ளைகளுக்குச் சோறாக்குவது, கூட்டுவது, கழுவிவிடுவது. பிள்ளைகளின் வாய் பெரியவர்கள் வாய் மாதிரி ஏமாற்றாது, முழுசாகத் திறக்கும், எல்லாமே தெரியும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கொரோனா வந்து எல்லார் வாயையும் துணி போட்டு மூடுகிற வரைக்கும். அடேயப்பா, அந்த நாள். ஊரில் இருந்த அத்தனை உதடும் ஒரே ராத்திரியில் காணாமல் போயிற்று. மற்றவர்களெல்லாம் சாவுக்குப் பயந்துகொண்டிருக்க, இவள் வளர்மதி டீச்சருக்குப் பயந்துகொண்டிருந்தாள். டீச்சரின் துணி அசைந்தால் "சரிங்க டீச்சர்" என்பாள். அரிசி ஊறவைக்கச் சொன்னாளா, அளந்து வைக்கச் சொன்னாளா, அது அப்புறம். துணியெல்லாம் கழன்று உதடுகள் திரும்பி வந்தபோது அழுகையே வந்தது அவளுக்கு. ஆனால் அதற்குள் காது இன்னும் கீழே இறங்கியிருந்தது. அப்புறம்தான் அந்தக் கக்கூஸ் கதவு. அதை நினைக்கக் கூடாது என்று பெஞ்சில் நெளிந்தாள். நினைக்கக் கூடாது என்பதுதான் முதலில் வருகிறது. தன்ஷிகா, மூணு வயசு, ரெட்டைச் சிண்டு. கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டுவிட்டது, திறக்கத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பாவாயி குக்கர் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில், நுரையெல்லாம் பளபளவென்று இருந்தது, மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. உள்ளே குழந்தை தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தியிருக்கிறது. ரோட்டில் கீரை விற்றுக்கொண்டு போனவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள், டீச்சர் முன்னறையிலிருந்து ஓடி வந்தாள், இவள் நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்து, ஆமாம், சிரித்தாள். அந்தச் சிரிப்பு. கதவை உடைத்து வெளியே எடுத்தபோது குழந்தையின் முகம் நீலம் பாரித்திருந்தது. தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு என்று தாய்க்காரியிடம் டீச்சர் சமாளித்தாள். பிறகு இவளைத் தனியே நிறுத்தி, நேர்முகமாக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, "காதுக்கு ஏதாச்சும் பண்ணிட்டு வாங்கக்கா. உங்களை நான் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா மிசின் இல்லாம இங்க பிள்ளைகளோட உங்களை உட முடியாது. மேல சொல்லித்தான் ஆகோணும்" என்றாள். அதில்கூட இவள் பயந்தது வேலைக்கு இல்லை, டீச்சருக்குத் தெரிந்து எத்தனை நாளாயிற்றோ என்பதற்குத்தான். எத்தனை நாளாகத் தன்னைப் பார்த்துப் பாவம் என்று நினைத்திருக்கிறாள். அடுத்த நாளே அந்தக் குழந்தை ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து மடியில் ஏறிக்கொண்டது. இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோடு வாயை வைத்து, என்னமோ ரகசியம் சொன்னது. காதோடு சொன்னால் உதடு தெரியாது. சூடான மூச்சு மட்டும், பால் வாசத்தோடு, காதுக்குள் போய் வந்தது. சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது. இவள் சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை. என்ன சொல்லியிருக்கும்? பாவாயிம்மா நான் கத்துனனே, நீ ஏன் வரலைன்னு கேட்டிருக்குமோ? பஸ்ஸில் வரும்போதும் அந்த மூச்சு காதுக்குள்ளேயே இருந்தது.

மிசினுக்கு அலைந்த கதை அதற்கு மேல். ஈரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் ஒரு பையன் கழுத்துப்பட்டையோடு, பெப்பர்மிண்ட் அளவுக்கு ஒன்றைக் காட்டி ஒரு விலை சொன்னான். உதட்டைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று இன்னொரு முறை கேட்டாள். தப்பில்லை. சோறு தின்னாமல் வருசக் கணக்காகச் சேர்த்தாலும் ஒற்றைக் காதுக்குக் காணாது. அவனே இரக்கப்பட்டு, பாதி விலையிலும் இருக்குதுங்கம்மா, தவணையும் இருக்குதுங்கம்மா என்றான். எங்க வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன் என்று எழுந்து வந்தவள்தான். அப்புறம் பழைய பட்டறை முதலாளி வீடு. உங்க தறியில போன காதுங்க என்று அவள் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, காது மிசின் ஒண்ணு வாங்கோணும், ஏதோ உதவி பண்ணுங்க சாமி என்றுதான் சொன்னாள். "பாக்கலாம் பாவாயி, உனக்கில்லாததா" என்று முகம் நிறையச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவர் பெண்சாதியிடம் பேசுவது கம்பி வழியே தெரிந்தது, சத்தமில்லாமல், வெள்ளையாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி தெரிந்தது. "தறிச்சத்தத்துல போச்சுன்னு இவளுக்குக் குடுத்தா, நாளைக்கு ஓட்டுன அத்தனை பேரும் காதைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. ஒரு டம்ளர் மோர் குடுத்துத் தாட்டி உடு." மோர் வந்தது. கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோர். வேண்டாமுங்கன்னு சொல்லியிருக்கலாம். தெரிந்ததைத் தெரியாத மாதிரி அண்ணாந்து குடித்தாள், நல்லாருக்குதுங்க ஆத்தா என்று சொல்லித் தம்ளரைக் கழுவிக்கூட வைத்துவிட்டு வந்தாள். அவர் சொன்னது இன்னும் ஆறிப்போகலாம், அந்தத் தம்ளரைக் கழுவியது ஆறவே இல்லை. அதற்கப்புறம் ஏதோ சங்கத்துக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். மேடையில் ஒரு கிழவியை நிறுத்திக் காதில் மாட்டி, மைக்கில் "கேக்குதா பாட்டி?" என்றார்கள். கிழவி தலையாட்டினாள், மண்டபமே கை தட்டியது, போட்டோ பிடித்தார்கள். இவளுக்குக் கால் தன்னாலே பின்வாசலுக்குப் போய்விட்டது. எச்சில் இலை போடுகிற பக்கமாக வெளியேறி, நேராக பஸ்ஸ்டாண்டு. கடைசியில் டீச்சர்தான் விசாரித்து வந்து சொன்னாள், பெரியாஸ்பத்திரியில் காதைச் சோதித்துக் குறை இருக்கிறதென்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் போதும், மாற்றுத்திறனாளி ஆபீசில் மிசின் காசில்லாமல் தருவார்கள், மேடையும் இல்லை, மோரும் இல்லை. சர்டிபிகேட். பேர் போட்டு, போட்டோ ஒட்டி, சீல் குத்தி, செவிடி. நாளைக்கு அதைப் பார்த்துவிட்டு மேலே இருக்கிறவர்கள் வேலையை விட்டே எடுத்துவிட்டால்? மிசினும் கையில், வேலையும் போய், அந்த மிசினை மாட்டிக்கொண்டு யார் பேச்சைக் கேட்பது?

கதவு திறந்து நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவள் வாயில் துணி. பாவாயி அந்தக் கண்ணையாவது படிக்கப் பார்த்தாள். நர்ஸ் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள், துணி அசைந்தது, வராந்தாவைச் சுற்றிப் பார்த்தாள், மறுபடியும் துணி அசைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் எழுந்திருக்காவிட்டால் அது நானாகத்தான் இருக்கும் என்பது அவள் இத்தனை வருசத்தில் கண்டுபிடித்து வைத்திருந்த கணக்கு. எழுந்தாள். "அவுரு இன்னும் வல்லியே அம்மிணி?" என்றார் அர்த்தநாரி. "நான் போய்ச் சொல்லிட்டு வாரனுங்க" என்று தொண்டையில் விரல் வைத்துச் சொன்னாள், அவருக்கு அது கேட்டிருக்காது. உள்ளே சோதிக்கிற பெண், மகள் வயசு, துணி கட்டாத முகம், அப்பாடா. பேரைக் கேட்டாள், சொன்னாள், ஊரைக் கேட்டாள், சொன்னாள். காதுக்கு இரண்டு பக்கமும் கறுப்புக் கிண்ணம் மாதிரி மாட்டிவிட்டு, எதிரே குனிந்து, "சத்தம் கேட்டா இந்த விரலைத் தூக்குங்கம்மா, சின்னதாக் கேட்டாலும் தூக்கோணும்" என்றாள். பிறகு பாவாயியைப் பக்கவாட்டில் திருப்பி உட்காரவைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனாள். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ. கண்ணாடியில் அந்தப் பெண்ணின் வலது தோள். பாவாயி எதையும் நினைத்துச் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணுவாள். பத்துத் தறியில் ஒரு பாவு நூல் அறுந்தால் சத்தமா போட்டது, கண்தானே பிடித்தது. பொத்தானை அமுக்க அந்தத் தோள் ஒரு நூல் அளவுக்கு இறங்கியது, விரல் எழுந்தது. தோள் இறங்கியது, விரல் எழுந்தது. ஒவ்வொரு தடவை அந்தப் பெண் எதையோ குறைத்துக் குறைத்து வைக்கிறாள் என்பதும் தெரிந்தது. விடக்கூடாது, இதையும் விடக்கூடாது. அகப்பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் உடம்பு முழுக்க ஓடியது. கிண்ணத்துக்குள் அவளுக்குக் கேட்டதெல்லாம் பழைய வண்டு ஒன்றுதான். முடிந்ததும் அந்தப் பெண் கிண்ணத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "பரவால்லியேம்மா. கொஞ்சந்தான் கம்மி, வயசானா இருக்கறதுதான். இதுக்குச் சர்டிபிகேட்டெல்லாம் வராது. மிசினும் வேண்டியதில்லை, தைரியமாப் போங்க."

தைரியமாகத்தான் வெளியே வந்தாள். சந்தோசம், அந்த வெட்கங்கெட்ட சந்தோசத்தை எங்கே போய்ச் சொல்வது, நெஞ்சுக்குள் குபுகுபுவென்று பொங்கியது. படிப்பை விட்ட பிறகு எழுதின முதல் பரீட்சை, பாஸ். ஆஸ்பத்திரியையே ஏமாற்றியாயிற்று. அர்த்தநாரி கையால் "என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்லையாமுங்க" என்றாள், பெருமையாக. பெஞ்சு மூலையில் உட்கார்ந்து உள்ளே அந்தப் பெண் சீல் குத்திக் கொடுத்த சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். டீச்சரிடம் காட்டலாம். பாருங்க டீச்சர், டாக்டருங்களே சொல்லிட்டாங்க, எனக்கு நல்லாக் கேக்குதாம். டீச்சர் என்ன சொல்ல முடியும், சீல் குத்தின காகிதம். மறுபடியும் குக்கர் தேய்க்கலாம், நுரை பளபளக்கும், பக்கத்தில் கதவு. கதவு வந்ததும் அந்த நினைப்பு அங்கேயே நின்றுவிட்டது, நாடா பாதியில் நின்ற மாதிரி. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு சிண்டு. காகிதத்துக்குக் கேட்குமா அந்தக் கத்தல்? சீல் குத்தினவர்களுக்குக் கேட்குமா, அவர்கள் இங்கே இருக்கிறார்கள், கதவு அங்கே இருக்கிறது, நடுவில் நான் ஒருத்தி சிரித்துக்கொண்டு. இனிமேல் கதவோடு நிற்குமா, தண்ணித் தொட்டி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. தாழ்ப்பாளை உயரத்தில் மாற்றிவிட்டார்கள், இவளை எங்கே மாற்றுவது. உள்ளே போய் இன்னொரு தடவை கேட்கலாம். கேட்டு? நான் ஏமாத்திட்டேன்னா? அந்தப் பெண் மகள் வயசு. மகள் வயசுப் பெண்ணிடம், செவிடி என்று மட்டும் இல்லை, பொய்க்காரி என்றும். இத்தனை வருசத்தில் எனக்குக் காது கேக்காது என்கிற வார்த்தை அவள் வாயிலிருந்து ஒரு தடவை வந்ததில்லை. புருசனிடம் இல்லை, பெற்ற மகளிடம் இல்லை, மாரியாத்தா கோயிலில் கண்ணை மூடி நின்றபோதுகூட உடம்பு சுகம் கொடு தாயே என்றுதான் வேண்டினாள், எந்த உடம்பு என்று சாமிக்குக்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தாள். எழுந்த கால் வாசலுக்குப் போகவில்லை.

"என்னம்மா, ஏதாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்றாள் அந்தப் பெண். "இல்லீங்க சாமி. நான் பொய்யாத் தூக்கிட்டனுங்க." "என்னத்தை?" "விரலைங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. அந்தக் கண்ணாடியில உங்க தோளு தெரிஞ்சுதுங்க." பெண்ணின் முகம் மாறியது. ஒரு முகம் மாறுவதைப் பாவாயிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "ஏம்மா, கேக்கலைன்னு சொன்னா மிசின் கெடைக்கும், பஸ் பாஸ் கெடைக்கும்னு வெளிய யாராச்சும் சொன்னாங்களா? இங்க தெனமும் பாக்கறேன். கேக்கறவங்க கேக்காத மாதிரி நடிப்பாங்க, அது எனக்குப் புரியுது. கேக்காதவங்க கேக்கற மாதிரி எதுக்கும்மா நடிக்கோணும்?" எதுக்கு. அதைத்தானே தாயி நானும் கேட்டுக்கிட்டிருக்கேன். மின்வெட்டிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டும், மோர்த் தம்ளர் வரைக்கும் சொல்ல வேண்டும், அத்தனைக்கும் நேரமில்லை. "வெக்கமுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தால் எதிரே என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது, இருந்தாலும் நிமிர முடியவில்லை. பிறகு தானாகவே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை எடுத்துக் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "இப்பப் பாருங்க சாமி."

இருட்டு. கண்ணைக் கட்டினதும் உலகமே ஒரு மூச்சில் நின்றது, பட்டறையில் கரண்ட் போன மாதிரி. கிண்ணம் காதில் ஏறியது தெரிந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. அந்தப் பெண் இருக்கிறாளா, எழுந்து போய்விட்டாளா? திட்டிக்கொண்டிருக்கிறாளா? யாராவது வந்து வேடிக்கை பார்க்கிறார்களா? விரல் துடித்தது. இந்நேரம் ஒரு சத்தம் வந்திருக்கும், இப்போது தூக்கினால் சரியாக இருக்கும், தூக்கு, தூக்கு என்று அது பாட்டுக்கு எழுந்தது. இன்னொரு கையால் அதை மடியோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டாள், குறும்பு பண்ணுகிற பிள்ளையைப் பிடித்து வைக்கிற மாதிரி. தோற்றுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. ஒவ்வொரு நொடியும் ஒரு பரீட்சையில் தோற்கிறாள், உட்கார்ந்த இடத்திலேயே, வாயைத் திறக்காமல். கண்ணீர் வந்து முந்தானையில் ஊறியது. நெடுநேரம் கழித்து, ஆழக் கிணற்றுக்கு அடியில் யாரோ குடத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒன்று. வண்டு இல்லை. வண்டை அவளுக்குத் தெரியும், இது வேறே. பிடித்திருந்த கையை விட்டாள். விரல் பயந்து பயந்து, பாதி எழுந்தது. அவ்வளவுதான். மறுபடியும் அது வந்தபோது மறுபடியும் எழுந்தது. பிறகு கிண்ணத்தைக் கழற்றினார்கள். பாவாயி அப்படியே இருந்தாள். இன்னொரு சோதனை இருக்கும் என்று நினைத்தாள். இருட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரோ தோளைத் தொட்டு முந்தானையை மெதுவாக இறக்கினார்கள். எதிரே அந்தப் பெண் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள், முகத்துக்கு நேராக. கதவருகே நர்ஸ், வாய்த்துணியைத் தாடைக்கு இறக்கிவிட்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அர்த்தநாரியின் மீசை. "துணியை அவுத்துக்குங்கம்மான்னு எத்தனை தடவை கத்துனேன் தெரியுமா?" என்றாள் அந்தப் பெண். கதவருகே நின்ற பெரியவர், "எனக்கே கேட்டுச்சு அம்மிணி!" என்றார். அந்தப் பெண் பழைய சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதுசாக ஒன்று எடுத்தாள். எழுதும்போது ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து, உதட்டை இவள் பக்கம் காட்டிப் பேசினாள். டாக்டர் கையெழுத்துப் போடுவார், அதை ஆபீசில் கொடுங்க, மிசின் வரக் கொஞ்சம் நாளாகும், ஆனா வரும். பாவாயி தலையாட்டினாள். சிரிக்கவில்லை.

வராந்தாவில் அதே மூலை, அதே சிவப்புக் காது. அர்த்தநாரி நகர்ந்து இடம் கொடுத்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பை ஒளித்துக்கொண்டு, "என்ன அம்மிணி, டீ குடிக்கப் போனவரு இன்னும் வல்லியா?" என்றார். முகம் தீய்ந்தது அவளுக்கு. மற்ற நாளாயிருந்தால் எழுந்து ஓடியிருப்பாள். "அவரு தறிக்குப் போயிருக்காருங்க" என்றாள். "மிசினு எனக்குங்க." "ஆ?" என்று கையைக் காதோரம் குவித்தார் மனுசன், நெசமாகவே கேட்கவில்லையோ, வேண்டுமென்றே கேட்கிறாரோ. "சத்தமாச் சொல்லு." பாவாயியின் இரண்டு விரலும் பழக்கத்தில் தொண்டைக்குப் போயின. போன விரலை வழியிலேயே நிறுத்தி, பையின் மேல் வைத்துக்கொண்டாள். "எனக்குத்தானுங்க!" என்றாள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. எதிர்ப்பெஞ்சில் அப்போதுதான் தூங்கியிருந்த கைக்குழந்தை, திடுக்கிட்டு மறுபடியும் முழித்துக்கொண்டது.